துமாருக்கு எத்தனை மாதம்

என் லாரியின் பதிவேட்டில்
தேதி, டீசல், கிலோமீட்டர் என்று மூன்று கட்டம்.
ஜனவரி பதினேழுக்கு எதிரே
டீசல் கட்டத்தில் எழுதியிருக்கிறேன்:
ஆயிரத்து நூற்று நாற்பது.
லிட்டர் அல்ல. கிராம்.

பத்து வாரம் முன்னதாக வந்துவிட்டாள்.
நாரினில் அன்று மைனஸ் இருபத்தாறு.
ஆம்புலன்ஸ் பிஷ்கெக் நோக்கி இறங்க
பின்னாலேயே நான்,
இறக்காத சிமெண்டு மூட்டைகளோடு.
அதன் சிவப்பு விளக்கை விட்டால்
பனியில் வேறு சாலை தெரியவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள்
பத்தாம் நம்பர் ஸ்பேனர் நீளத்தில் கால்.
பெகிமாய் கை நுழைக்க ஒரு வட்டத் துளை,
எனக்கு இன்னொன்று.
நடுவில் அவள்,
மூச்சு விடலாமா என்று
ஒவ்வொரு முறையும் யோசித்தபடி.

பிப்ரவரி முழுக்க டீசல் கட்டத்தில் அவள்தான்.
ஒருநாள் இருபது கிராம் குறைந்தது.
அன்று பார்த்து முதலாளி கணக்குக் கேட்டார்.
நீட்டினேன்.
ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார்,
ஒன்றும் கேட்காமல் மூடிக் கொடுத்தார்.

நாற்பதாம் நாள், நாற்பது கரண்டி வெந்நீரில்
பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும்.
அன்று அவள் இன்னும் குழாயில் குடித்துக்கொண்டிருந்தாள்.
எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று
பெகிமாய்க்கும் அவள் அக்காவுக்கும் போனில் சண்டை.
கடைசியில் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணினோம்.
முப்பத்தெட்டில் கரண்டிக் கணக்கு தவறிப்போய்
அக்கா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
துமார் தூங்கிவிட்டாள்.

நர்ஸ் ஜூரா தந்த அட்டையில் இரண்டு கோடு.
பிறந்த நாளிலிருந்து ஒரு வயது,
பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இன்னொன்று.
"இதைப் பாருங்கள், அதைப் பார்க்காதீர்கள்" என்றாள்,
அதை அடிக்காமலே.

எதிர்வீட்டு ஒஸ்மோனும் அதே வாரத்துப் பிள்ளை.
அவன் சிரித்தான். இவள் கூரையைப் பார்த்தாள்.
அவன் கவிழப் பழகினான். இவள் கூரையைப் பார்த்தாள்.
எங்கள் கூரையில் அப்படி என்னதான் இருக்கிறதென்று
நானும் ஒருநாள் பக்கத்தில் படுத்தேன்.
ஒரு விரிசல்.
அதன் மேல் கொஞ்சம் வெயில் நகர்ந்தது.
திரும்பினால், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
ஜூரா கணக்கில் ஆறாவது வாரம்.
ஊர்க் கணக்கில் நான்காவது மாதம்.

டோருகார்ட் சாவடியில்
அதிகாரி என் தாள்களைப் புரட்டுவார்.
வண்டி தயாரான வருடம் ஒன்று,
பதிவான வருடம் ஒன்று.
முத்திரை குத்தி அனுப்பிவிடுவார், யாருக்கும் வருத்தமில்லை.
பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் மட்டும்
ஆள் பார்த்துச் சொல்வேன்.
அவசரத்தில் கேட்பவருக்குச் சின்ன வயது.
டீ வாங்கித் தருபவருக்கு இரண்டும்.

அவள் முதலில் புரண்ட அன்று நான் கணவாயில்.
போனில் பெகிமாய் "கவிழ்ந்—" என்றதோடு சிக்னல் போயிற்று.
கவிழ்ந்தாளா, கவிழ்ந்ததா,
எது, எங்கே.
அறுபது கிலோமீட்டர்
அந்த அரைச் சொல்லோடு ஓட்டினேன்.

பல் மட்டும் எந்த அட்டையையும் கேட்காமல் வந்தது.
என் விரலில் சோதித்துக்கொண்டாள்.

இன்று மறுபடி ஜனவரி பதினேழு.
ஒஸ்மோன் நடக்கிறான்.
கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால்
அவன் கணுக்கால்களைக் கட்டி நிறுத்தினார்கள்.
தெருப் பிள்ளைகள் ஓடிவர
முந்தி வந்த சிறுமி கத்தியால் அறுத்தாள்.
மீந்த நூலை அவன் தாய் எங்களிடம் நீட்டினாள்.
வாங்கலாமா என்று பெகிமாய் என்னைப் பார்த்தாள்.
வாங்கினேன். டேஷ்போர்டில் கிடக்கிறது,
ஃபியூஸ் டப்பாவுக்கும் டார்ச்சுக்கும் நடுவே.

ஒரு வயது என்று கேக் வெட்டியாயிற்று.
ஒன்பது மாதம் மூன்று வாரம் என்று
ஜூரா எழுதியாயிற்று.

மாலையில் ஷெட்டில்,
கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிய,
முன் டயரைப் பிடித்து நின்றாள்.
கையை எடுத்தாள்.
பிறகு உட்கார்ந்தாள்.

பேனா உறைந்திருந்தது.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி
கிலோமீட்டர் கட்டத்தில் எழுதினேன்:
நான்கு நொடி.